தண்ணி விட்ட சிக்கன்

பாப்பா,

நேத்து நீ அனுப்புன ஸ்டிர் ஃப்ரை போட்டோ பாத்தேன். சொன்னா கோவிச்சுக்காதம்மா, அது ஸ்டிர் ஃப்ரை இல்ல, வெந்த சிக்கன் சோயா சாஸ்ல நீந்திட்டு இருக்கு. நீ என்னடான்னா சாஸ் சரியில்ல, இன்னும் ரெண்டு பாட்டில் வாங்கணும்னு மெசேஜ் போட்ருக்க. வாங்காத. தப்பு பாட்டில்ல இல்ல, தண்ணியில இருக்கு.

ஃப்ரிட்ஜ்ல இருந்து எடுத்து ஈரத்தோட அப்படியே, அரை கிலோவையும் ஒரே நேரத்துல அந்த சின்ன பேன்ல கொட்டியிருப்ப, சரிதானே? எனக்கு எப்படி தெரியும்னா நானும் ரெண்டு வருஷம் அதையேதான் செஞ்சேன். தண்ணி கொதிச்சா 100 டிகிரி, அதுக்கு மேல ஏறாது. பேன்ல தண்ணி நிக்கிற வரைக்கும் சிக்கனும் அதே சூட்டுல கெடந்து வேகும், செவக்கவே செவக்காது. அந்த பொன் நெறமும் வறுத்த வாசனையும் வரணும்னா மேல்பக்கம் சுமார் 140 டிகிரியாவது தொடணும், மயார் ரியாக்‌ஷன்னு சொல்லுவாங்க, 1912ல மயார்ங்கிற பிரெஞ்சுக்காரர் எழுதி வச்சது.

அதனால டிஷ்யூ பேப்பர் வச்சு ஒவ்வொரு துண்டையும் ஒத்தி எடு. கொஞ்சம் கார்ன்ஃப்ளார், சோயா சாஸ், ஒரு ஸ்பூன் எண்ணெய் போட்டு பெசறி 15 நிமிஷம் வை. பேன் நல்லா காஞ்சப்பறம் பாதி சிக்கனை மட்டும் பரப்பிப் போடு, கிண்டாத. கை பரபரன்னு வரும், தெரியும், இருந்தாலும் ஒரு நிமிஷம் சும்மா விடு. சத்தத்த கேளு. சுர்ர்னு கேட்டா சரியா போகுது. அது எறங்கி களகளன்னு கொதிக்கிற சத்தமா மாறுச்சுன்னா தண்ணி விட ஆரம்பிச்சிருச்சுன்னு அர்த்தம், தீய கூட்டு. எடுத்து தட்டுல வச்சிட்டு அடுத்த பாதி, அப்பறம் காய் தனியா, எல்லாத்தையும் சேத்து கடைசியில தான் சாஸ்.

நீ கேட்ட தாய் க்ரீன் கரியும் இதே கததான். தேங்காப்பால் டின்ன குலுக்காம தெற, மேல கெட்டியா நிக்கிற க்ரீம் நாலஞ்சு ஸ்பூன் மட்டும் எடுத்து பேன்ல விடு. தண்ணி வத்த வத்த அது திரிஞ்சு போன மாதிரி ஆகும், பயந்துராத, ஓரத்துல எண்ணெய் கசியும் பாரு, அந்த எண்ணெயிலதான் கரி பேஸ்ட்ட பச்ச வாசன போற வரைக்கும் வதக்கணும். மீதி பால், சிக்கன், ஃபிஷ் சாஸ் எல்லாம் அப்பறம். பேசில் எல அடுப்ப அணைக்கும்போது. (சில டின்ல க்ரீம் பிரியவே பிரியாது, பிரியாம இருக்க ஸ்டெபிலைசர்னு ஒரு பொருள் சேத்திருப்பாங்க. அப்ப ஒரு ஸ்பூன் எண்ணெய் விட்டு வதக்கிக்கோ, ஒண்ணும் கொறஞ்சிராது.)

தண்ணிய வெரட்டு வெரட்டுன்னு சொல்லிட்டு இப்ப மாத்தி சொல்லப்போறேன். பாஸ்தா வடிக்கிற தண்ணிய மட்டும் சிங்க்ல ஊத்திராத. காச்சோ எ பெப்பேன்னு ஒரு இத்தாலி சாப்பாடு, அது செய்ய பாஸ்தா, பெக்கோரினோ சீஸ், மொளகு, அவ்வளவுதான் வேணும், க்ரீம் கெடையாது. சாஸ் ஆக்குறதே அந்த மாவு கரஞ்ச தண்ணிதான். தண்ணி கொஞ்சமா வச்சு வேகவச்சா இன்னும் கொழகொழன்னு நல்லா வரும், ஆனா உப்பு கம்மியா போடு, சீஸே உப்புதான். நான் மொத தடவ அடுப்பு எரியும்போதே சீஸ கொட்டிட்டேன், சூடு தாங்காம சூயிங் கம் மாதிரி கரண்டியில சுத்திக்கிச்சு, அம்மா அத கரண்டியோட தூக்கி குப்பையில போட்டுட்டா, இன்னிக்கு வரைக்கும் அந்த கரண்டிய பத்தி பேசிட்டுதான் இருக்கா. அடுப்ப அணைச்சு ஒரு நிமிஷம் ஆறட்டும். சீஸ கொஞ்சம் ஆறுன தண்ணி விட்டு பேஸ்ட் ஆக்கி வச்சுக்கிட்டு அப்பறமா சேத்து வேகமா கெளறு.

ஷக்‌ஷூக்காவுக்கு பெருசா ஒண்ணும் இல்ல, தக்காளி சாஸ்ல முட்டைய வேகவைக்கிறதுதான் அது. தக்காளி கெட்டியாகி கரண்டி இழுத்தா வழி நிக்கணும், அப்பதான் குழி பண்ணி முட்டைய ஒடச்சு ஊத்தி மூடு.

உன் ஃப்ரெண்டு இதெல்லாம் ஒரிஜினல் இல்லன்னு சொன்னாளாமே. 1492க்கு முன்னாடி இத்தாலியில தக்காளி கெடையாது, தாய்லாந்துல மொளகா கெடையாது, எல்லாம் அமெரிக்கா பக்கத்துல இருந்து கப்பல்ல வந்ததுதான்னு சொல்லு. காய மாத்து, காரத்த கொற, யாரும் கேக்க மாட்டாங்க. ஆனா சிக்கன தொடைக்காம மட்டும் போடாத.

அடுத்த தடவ போட்டோ வேணாம், வீடியோ அனுப்பு. எனக்கு சத்தம் கேக்கணும்.

அப்பா