அப்பா கேட்ட சோலார் பனல்

அல்சூர், பெங்களூர்

அன்புள்ள அப்பா, அம்மாவுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். இலங்கையில் நம் வீட்டுக் கூரையில் சோலார் பனல் போடலாமா என்று அப்பா கேட்டிருந்தீர்கள். அதற்கு வருமுன் இந்த ஊர்ப் புதினம் கொஞ்சம்.

பெங்களூர் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிற ஊர். கோடையைத் தவிர மின்விசிறிக்குப் பெரிய வேலை இல்லை. ஆனால் விடியற்காலையில் பச்சைத் தண்ணீரை வார்க்கவே முடியாது. கிணற்றடியில் வாளி வாளியாக அள்ளிக் குளித்த நான்தான் சொல்கிறேன்! கரண்டை விழுங்குவது தண்ணீர் சுடவைக்கிற கீசர்தான். 2000 வாட் கீசர் அரை மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட் போச்சு. அந்த ஒரு யூனிட்டில் இப்போது வருகிற 30 வாட் மின்விசிறி ஒரு நாளுக்கு மேல் சுற்றும்.

அதனால் மொட்டைமாடிகளில் எங்கு பார்த்தாலும் சோலார் கீசர். சாய்த்து வைத்த கண்ணாடிக் குழாய்கள், மேலே ஒரு தொட்டி. மோட்டார் கிடையாது, சூடான தண்ணீர் தானாக மேலே ஏறி நிற்கிறது. ஆடி மாத மூட்டத்தில் மட்டும் கைவிட்டுவிடும்.

2023இலிருந்து இங்கே 'கிருஹ ஜோதி' என்று ஒரு திட்டம். வீட்டின் பழைய சராசரிப் பாவனைக்குக் கொஞ்சம் மேலே வரை, அதிகபட்சம் 200 யூனிட்டுக்குக் காசு இல்லை. 200ஐத் தாண்டினால் முழுப் பில்லும் கட்ட வேண்டும். மாதக் கடைசியில் மாமி மீட்டரைப் பார்த்துவிட்டு வந்துதான் கிரைண்டரைப் போடுவார். எல்லைக்குள் இருக்கிறவர்கள் இன்னும் குறைக்க ஏன் மெனக்கெடப் போகிறார்கள் என்பது என் சந்தேகம்.

மாமியின் தாத்தா கோலார் தங்கவயலில் வேலை செய்தவர். சிவசமுத்திரத்தில் காவிரியிலிருந்து எடுத்த மின்சாரம் 1902இல் தங்கவயலுக்குத்தான் போனதாம். பெங்களூருக்கு வந்தது 1905இல். தாத்தாவே கம்பி இழுத்த மாதிரி மாமி சொல்வார்!

சரி, உங்கள் விஷயம். 2022இல் அங்கே வெட்டியது போல 13 மணி நேரம் கரண்ட் வெட்டினாலும் பனல் இருந்தால் நம் வீட்டில் மட்டும் வெளிச்சம் இருக்கும் என்றுதானே நினைக்கிறீர்கள்? பற்றரி இல்லாமல் தெருவிலிருந்து வருகிற மின்சார லைனோடு மட்டும் இணைத்த பனல், லைன் போனதும் தானும் நின்றுவிடும், உச்சி வெயிலிலும்கூட. கோளாறு அல்ல. வெளியே கம்பியில் வேலை செய்கிறவருக்கு நம் வீட்டுக் கரண்ட் அடிக்கக் கூடாது என்று, பனல் கரண்டை வீட்டுக் கரண்டாக மாற்றுகிற இன்வெர்ட்டரை அப்படித்தான் செய்கிறார்கள். பில் குறைந்தால் போதும் என்றால் பற்றரி தேவையில்லை. வெட்டு நேரத்திலும் வேண்டும் என்றால் பற்றரியும் அதற்கேற்ற இன்வெர்ட்டரும் வாங்க வேண்டும், செலவு கூடும். விற்க வருகிறவரிடம் முதலில் இதைக் கேளுங்கள். தாங்கிகளும் ஆணிகளும் துருப்பிடிக்காதவையா என்றும் கேளுங்கள், உப்புக்காற்று சும்மா விடாது.

சோலார் கீசர் ஆசை வேண்டாம். நம் தண்ணீருக்குக் கேத்தலில் படிகிற சுண்ணாம்பு தெரியும்தானே, குழாயிலும் படியும். அந்த வெக்கைக்குச் சுடுதண்ணீர் எதற்கு?

அப்புறம், நிழல். பனலின் ஒரு மூலையில் நிழல் விழுந்தாலே உற்பத்தி நன்றாகக் குறையும். காலை எட்டு மணிக்கும் பின்னேரம் நாலு மணிக்கும் கூரையைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லித் தம்பியிடம் சொல்லுங்கள். முருங்கையை வெட்ட வேண்டுமா என்று பார்த்துச் சொல்கிறேன். அம்மா அதற்குள் சண்டைக்கு வர வேண்டாம்.

அன்புடன்,
உங்கள் மகள்