‘டிக் டிக்’ கேட்டதும் இன்ஜினை இறக்க வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

காரின் முன்பக்கத்தில் ‘டிக் டிக்’ என்று சத்தம் கேட்டால், பானட்டைத் திறந்த கையோடு ‘டேப்பட் போயிருச்சு, இன்ஜினை இறக்கணும்’ என்று சொல்லிவிடுவது பல ஒர்க்‌ஷாப்களில் பழக்கமாகிவிட்டது. டேப்பட் என்பது இன்ஜினின் மேல்பக்கம் வால்வுகளைத் தட்டித் திறக்கும் பாகம். எந்தச் சோதனையும் செய்யாமல் சொல்லப்படும் அந்த ஒரு வார்த்தை, ஒரு குடும்பத்தின் பல மாதச் சேமிப்பைக் கரைத்துவிடுகிறது. ஸ்பேனரைக் கையில் எடுக்கும் முன்பே செய்து பார்க்கக்கூடிய சோதனைகள் நிறைய உண்டு. கார் வைத்திருப்போரும் அவற்றைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

சத்தம் இன்ஜினில்தான் வருகிறதா என்பது முதல் கேள்வி. வண்டியை நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, நியூட்ரலில் 2,000 ஆர்பிஎம் (இன்ஜின் நிமிடத்துக்குச் சுற்றும் சுற்றுகள்) வரை மெதுவாக ஏற்றிப் பாருங்கள். சத்தமும் கூடவே வேகமெடுத்தால் இன்ஜின் பக்கம். நிற்கும்போது இல்லாமல், ஓடும்போது மட்டும் வேகத்தோடு ஏறும் ‘ஊ’ என்ற ஒலி பெரும்பாலும் வீல் பேரிங் அல்லது ஒருபக்கமாகத் தேய்ந்த டயர். கிளட்சை மிதிக்கும்போது மட்டும் வந்தால் கிளட்ச் ரிலீஸ் பேரிங். மிதித்ததும் நின்றுபோனால் கியர்பாக்ஸ் பேரிங்.

இனி அந்த ‘டிக் டிக்’. இன்ஜினை அணைத்து, சமதளத்தில் பத்து நிமிடம் விட்டு, ஆயில் அளவு பார்க்கும் கம்பியான டிப் ஸ்டிக்கைத் துடைத்து மறுபடி விட்டு எடுங்கள். கீழ்க்கோட்டுக்கும் மேல்கோட்டுக்கும் இடையே பெரும்பாலான சின்னக் கார்களில் ஏறத்தாழ ஒரு லிட்டர் வித்தியாசம். ஆயில் கீழ்க்கோட்டுக்குக் கீழே போனால் மேலே வால்வு பக்கம் சரியாக எட்டாது. டேப்பட் சத்தம் போடும். மேனுவலில் சொன்ன கிரேடையே ஊற்றுங்கள். ‘சத்தம் அடங்கட்டும்’ என்று 0டபிள்யூ-20 என்ற இளகிய ஆயில் கேட்கும் இன்ஜினில் 20டபிள்யூ-50 என்ற கெட்டி ஆயிலை ஊற்றுவது பெரிய தவறு. காலையில் ஸ்டார்ட் செய்ததும் அந்தக் கெட்டி ஆயில் மேலே ஏறத் தாமதமாகும். அந்த நேரத்தில்தான் தேய்மானம் அதிகம்.

ஆயில் சரியாக இருந்தும் சத்தம் வந்தால், இன்ஜினும் புகைக்குழாயும் சேரும் மூட்டை அடைக்கும் எக்சாஸ்ட் மேனிஃபோல்டு கேஸ்கெட்டைப் பாருங்கள். இது டேப்பட்டோடு குழம்புவதற்குக் காரணம் இருக்கிறது. ஒரு வால்வு, கிராங்க் (இன்ஜினின் முக்கியத் தண்டு) இரண்டு சுற்று சுற்றினால் ஒரு முறைதான் திறக்கும். ஒரு சிலிண்டர் புகையை வெளியே தள்ளுவதும் அப்படியே. ஐடிலிங் 800 ஆர்பிஎம் என்றால் இரண்டுமே நிமிடத்துக்கு 400 முறை தட்டும். காதுக்கு வேறுபாடு தெரியாது. ஆனால் கேஸ்கெட் கசிவு குளிர்ந்த இன்ஜினில் பலமாகக் கேட்டு, சூடாகி இரும்பு விரிந்ததும் குறையும். மூட்டில் கருப்புக் கரியும் படிந்திருக்கும். சரியாக முறுக்கப்படாத ஸ்பார்க் பிளக்கும் இதே மாதிரி தட்டும்.

இவையெல்லாம் சரியாக இருந்தால் டேப்பட் என்று சொல்லலாம். அப்போதும் இன்ஜினை இறக்கத் தேவையில்லை. திருகு வகை டேப்பட் என்றால் மேல்மூடியைக் கழற்றி, இடைவெளி அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜ் வைத்து, மேனுவலில் உள்ள அளவுக்குத் திருகி, புது கேஸ்கெட் போட்டு மூடினால் வேலை முடிந்தது.

காலையில் ‘கீச்’ என்று கத்துவது ஃபேன் பெல்ட். இன்ஜின் ஓடும்போது கையைத் தள்ளி வைத்துக்கொண்டு, பெல்ட்டின் வரிப் பக்கத்தில் கொஞ்சம் தண்ணீர் தெளியுங்கள். சத்தம் கூடினால் பெல்ட் லூசு. அடங்கித் திரும்ப வந்தால் புல்லி நேராக இல்லை. ‘கிர்ர்’ என்ற அரைப்பு என்றால், இன்ஜினை அணைத்து பெல்ட்டைக் கழற்றிவிட்டு ஓட விடுங்கள். பல கார்களில் வாட்டர் பம்பும் இதே பெல்ட்டில்தான் சுற்றுகிறது. அதனால் ஒரு நிமிடத்துக்கு மேல் வேண்டாம். சத்தம் நின்றுவிட்டால் ஆல்டர்நேட்டர், வாட்டர் பம்ப், டென்ஷனர் புல்லிகளைக் கையால் சுற்றினாலே எது சொரசொரக்கிறது என்று தெரிந்துவிடும்.

குறிப்பிட்ட ஆர்பிஎம்மில் மட்டும் தகரம் போலக் கடகடத்தால் சைலன்சர் பக்கத்து ஹீட் ஷீல்டு. ஒரு ஹோஸ் கிளிப் போதும். ஸ்டார்ட் செய்ததும் வரும் கலகலப்பு ஓரிரு வினாடியில் அடங்காமல் நீண்டால் வால்வுகளை இயக்கும் டைமிங் செயினையும் அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரையும் பார்க்க வேண்டும். சுசுகியின் கே சீரிஸ், ஹூண்டாயின் கப்பா இன்ஜின்களில் இருப்பது செயின்தான். ‘டைமிங் பெல்ட் மாற்றினோம்’ என்று பில் வந்தால் கேள்வி கேளுங்கள்.

உண்மையில் பயப்பட வேண்டியது, அடியிலிருந்து கனமாக வரும் ‘டொக் டொக்’. கூடவே சிவப்பு ஆயில் விளக்கும் எரிந்தால் அந்த இடத்திலேயே இன்ஜினை அணைத்து வண்டியை டோ செய்து கொண்டு போங்கள். ஒர்க்‌ஷாப்பில் ஒவ்வொரு சிலிண்டராக எரிபொருள் பீய்ச்சும் இன்ஜெக்டரின் கனெக்டரைக் கழற்றிப் பார்ப்பார்கள். எதைக் கழற்றும்போது சத்தம் தளர்கிறதோ, அந்த சிலிண்டரின் பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் கனெக்டிங் ராடின் அடிப்பக்கம் இருக்கும் பிக் எண்ட் பேரிங்தான் சந்தேகத்துக்குரியது. வடித்த ஆயிலில் உலோகத் துகள் மினுங்கினால் உறுதி. இங்கே இன்ஜின் வேலை நியாயமானது.

2015, 2023 டிசம்பர் வெள்ளங்களைப் பார்த்த சென்னைக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். தண்ணீரில் நின்றுபோன காரை மறுபடி ஸ்டார்ட் செய்யவே கூடாது. சிலிண்டருக்குள் புகுந்த தண்ணீர் அமுங்காது. கனெக்டிங் ராட்தான் வளையும். லேசாக வளைந்த ராடோடு வண்டி சில மாதம் ஓடிவிட்டுப் பிறகு உடைவதும் உண்டு.

கார் வைத்திருப்போர் சத்தத்தை செல்போனில் பதிவு செய்து, குளிரிலா சூட்டிலா, ஏசி போட்டா போடாமலா என்று குறித்துக் கொடுங்கள். ஒர்க்‌ஷாப் நடத்துவோர், என்ன சோதனை செய்து எதைக் கண்டீர்கள் என்பதை ஜாப் கார்டில் இரண்டு வரி எழுதுங்கள். கழற்றிய பழைய பாகத்தைக் கேட்காமலேயே கொடுங்கள்.

இப்படிக்கு,
கார் மெக்கானிக் ஒருவர்,
ஈரோடு.