மெடிக்கல் ஜர்னல் மலை மேலயும் வரணும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

மெடிக்கல் ஜர்னல் உட்பட ஆராய்ச்சி ஜர்னலுங்களை ஆன்லைன்ல படிக்க மத்திய அரசு 'ஒரே நாடு ஒரே சந்தா'ன்னு 2025 ஜனவரியில இருந்து ஒரு திட்டம் நடத்துறாங்க, மூணு வருஷத்துக்கு 6,000 கோடி ரூபா, கிட்டத்தட்ட 13,000 ஜர்னல். ரொம்ப நல்ல திட்டம். ஆனா அது அரசு காலேஜுங்களுக்கும் மத்திய அரசு ஆராய்ச்சி நிலையங்களுக்கும் தான், கேரளாவோட இடுக்கி மலையில பீர்மேடு, வண்டிப்பெரியாறு மாதிரி ஊர்ல இருக்கிற ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு கிடையாது. நான் இங்க எஸ்டேட் டிஸ்பென்சரியில பார்மசிஸ்ட், பாம்பு கடிச்சா ஜனங்க முதல்ல ஓடி வர்றது எங்ககிட்ட தான்.

ஏலக்காட்டுலயும் தேயிலைக்குள்ளயும் ஒரு சின்ன பாம்பு இருக்கு, காஞ்ச எலை கலர்ல, மூக்கு நுனி மேல தூக்கிட்டு இருக்கும். மலையாளத்துல குழிமண்டலி, நம்மாளுங்க பொதுவா விரியன்னு சொல்லிட்டு போயிடுவாங்க. இதை சுருட்டை விரியன்னு நெனச்சுட்டா தான் ஆபத்து. ஏன்னா நம்ம நாட்டு விஷமுறிவு ஊசி நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் இந்த நாலுக்கும் தான் செஞ்சது, இந்த குழிமண்டலிக்கு கேக்காது. கேக்கலியேன்னு மேல மேல ஏத்துனா அந்த ஊசியோட அலர்ஜியே ஆளை சாய்ச்சிடும், அதுக்குள்ள விஷம் ரத்தத்தை உறைய விடாம பண்ணி சிலருக்கு கிட்னியையும் கெடுத்து டயாலிசிஸ் வரைக்கும் கொண்டு போயிடும். இதெல்லாம் கேரளாவுல வந்த கேஸுகளை வெச்சு 2007லயே ஜர்னல்ல வந்தாச்சு.

போன மழைக்கு கொழுந்து எடுக்கிற அக்கா ஒருத்தருக்கு கையில கடி. அவங்க பையன் பாம்பை போட்டோ எடுத்திருந்தான், எங்க டாக்டரம்மா அதை கேரள வனத்துறையோட சர்ப்பா ஆப்ல இருக்கிற பாம்பு புடிக்கிறவருக்கு அனுப்பி குழிமண்டலி தான்னு உறுதி பண்ணிட்டு, போன்லயே மெடிக்கல் கட்டுரைங்களை தேடுற பப்மெட் வெப்சைட்ல தேடி அந்த 2007 கட்டுரை சுருக்கத்தை எடுத்துட்டாங்க. சுத்தமான கண்ணாடி டியூப்ல 2 மில்லி ரத்தம் எடுத்து ஆட்டாம 20 நிமிஷம் வெச்சு சாய்ச்சு பாத்தா உறையாம தண்ணியா ஓடுது. "ஊசி வேண்டா சேட்டா, டயாலிசிஸ் உள்ள எடத்துக்கு விடணும்"னு உடனே ஆம்புலன்ஸ் ஏத்தி விட்டாங்க. அந்தக்கா இப்ப வேலைக்கு வர்றாங்க. 1997ல இருந்து பப்மெட் எல்லாருக்கும் ஓசி, அதோட அருமை எனக்கு அன்னைக்கு தான் முழுசா புரிஞ்சுது.

ஆனா பப்மெட்ல பல கட்டுரைக்கு சுருக்கம் மட்டும் தான் வரும், எத்தனை மணிக்கொரு தடவை ரத்தம் பாக்கணும், எப்ப டயாலிசிஸ்னு முழுசா படிக்கணும்னா காசு கட்டணும். உலக சுகாதார நிறுவனம் தென்கிழக்கு ஆசியாவுக்குன்னு 2016ல போட்ட பாம்புக்கடி வழிகாட்டி ஓசியா கிடைக்குது, அருமையான புஸ்தகம், ஆனா 200 பக்கம், இங்கிலீஷ், ராத்திரி ஆள் வாந்தி எடுத்துட்டு இருக்கும்போது நர்ஸ் எங்க பொரட்டுறது?

அதனால அந்த சந்தாவை தாலூக்கா ஆஸ்பத்திரி, ஆரம்ப சுகாதார நிலையம் வரைக்கும் நீட்டணும். கூடவே, கடிபட்டவங்க இங்கேயிருந்து கோட்டயத்துக்கும் போறாங்க, கீழ இறங்கி தேனிக்கும் போறாங்க, ரெண்டு மாநில சுகாதாரத்துறையும் சேர்ந்து தமிழ்லயும் மலையாளத்துலயும் பாம்பு போட்டோவோட ஒரே மாதிரி ரெண்டு பக்கம் போட்டு குடுக்கணும், அதுவும் போன்ல சேவ் பண்ணி வெச்சுக்கிற மாதிரி, ஏன்னா எஸ்டேட்டுக்குள்ள பாதி எடத்துல டவரே கெடையாது.

இப்படிக்கு,
எஸ்டேட் டிஸ்பென்சரி பார்மசிஸ்ட்,
வண்டிப்பெரியாறு, இடுக்கி மாவட்டம்.