ஆலயத் திருப்பணி நிறைவு அறிக்கை

கர்த்தருக்குள் பிரியமான சபையாருக்கு, திருப்பணிக் குழுவின் அன்பின் ஸ்தோத்திரங்கள்.

2024 ஜூனில் ஜெபத்தோடு தொடங்கிய ஆலயப் பழுதுபார்ப்பு வேலை 2025 செப்டம்பரில் முடிந்தது. மொத்த வரவு ரூ.18,46,350. செலவு ரூ.18,31,900. கையிருப்பு ரூ.14,450. ரசீது, பில், வவுச்சர் எல்லாம் தணிக்கை முடிந்து ஆலய அலுவலகத்தில் இருக்கின்றன. ஞாயிறு ஆராதனை முடிந்ததும் யார் வேண்டுமானாலும் எடுத்துப் பார்க்கலாம். கணக்கு நோட்டில் ஏறாத சில காரியங்களையும் சபையார் அறிய வேண்டும் என்று குழு விரும்புகிறது.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளை நம்மில் யாரும் மறக்கவில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் பெய்த மழை அது. தாமிரபரணி கரை மீறி வந்து, நம் ஆலயத்துக்குள் பலிபீடத்தின் முதல் படி வரை தண்ணீர் நின்றது. ஸ்ரீவைகுண்டத்தில் செந்தூர் எக்ஸ்பிரஸ் நகர முடியாமல் நின்றபோது, பக்கத்து ஊர்க்காரர்கள் தங்கள் வீட்டு அரிசியை வடித்து அந்தப் பயணிகளுக்குச் சோறு கொடுத்தார்கள். அவர்கள் யாரும் நம் சபையார் அல்ல. அதை இந்த அறிக்கையில் எழுதி வைப்பது நியாயம் என்று நினைக்கிறோம்.

தண்ணீர் வடிந்த பிறகு வடக்குச் சுவரின் கீழ்ப்பகுதி நாலடி உயரத்துக்கு உப்பிக்கொண்டு வந்தது. அது செங்கலும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய பழைய சுவர். முன்பு ஒரு பழுதுபார்ப்பில் அதன்மேல் சிமெண்ட் பூசியிருந்தோம். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வாங்கும், வெயிலில் வெளியே விட்டுவிடும். மேலே சிமெண்ட் இருந்தால் ஈரம் வெளியேற வழியில்லை, உள்ளேயே நின்று உப்புப் பூத்துக் காரையைத் தள்ளிவிடும். பார்க்க வந்தவர்களில் ஒருவர், இடித்துவிட்டு கான்கிரீட்டில் புதிதாகக் கட்டிவிடலாம், செலவும் அவ்வளவு அதிகம் ஆகாது என்றார். குழுவில் பாதிப்பேருக்கு அதில் சம்மதம்தான். மூன்று கூட்டம் பேசினோம். கடைசியில் ஒரு மூத்த அண்ணாச்சி, "இடையன்குடிக் கோயிலை 1847இல் ஆரம்பித்து 1880இல்தான் பிரதிஷ்டை பண்ணினார்கள். நமக்கு ரெண்டு வருஷம் பொறுக்க முடியாதா?" என்று கேட்டார். சரி, இருப்பதைச் செப்பனிடுவோம் என்று முடிவானது.

சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார் கிடைப்பதுதான் பெரும்பாடு. பக்கத்து ஊரில் வயதான ஒருவரைக் கண்டுபிடித்தோம். கிறிஸ்தவர் அல்ல. ஆனால் முதல் நாள் சுவரைத் தொடுவதற்கு முன் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டுத்தான் வந்தார். குழியில் சுண்ணாம்பை நீற்றி, வாரக்கணக்கில் ஊறவிட்டு, சல்லடையில் சலித்து, மணல் சேர்த்து அரைத்து, கடுக்காயும் கருப்பட்டியும் ஊறிய தண்ணீர் விட்டுப் பிசைந்தார். "அவசரப்பட்டா சுவர் வெடிக்கும்யா" என்று ஒரு நாளைக்கு நாலு முறையாவது சொல்லியிருப்பார். மேற்கூரையில் உளுத்துப்போன 38 பனங்கைகளை மாற்றினோம். உடைந்த ஓடுகளை எடுத்துவிட்டு, நல்ல பழைய ஓடுகளைக் கழுவித் திரும்பவும் அடுக்கினோம். புதிதாக வந்த ஓட்டில் ஒரு லாரி சரியாக வேகாத ஓடு. திருப்பி அனுப்பியதில் ஒன்றரை மாதம் போனது.

இனி, குழு செய்த தவறு. 2024 ஆகஸ்டில் பணம் முட்டிக்கொண்டது. வழக்கம்போல, ஆலய வேலைக்கென்று சபை போட்ட கட்டிட வரியில் பாக்கி வைத்திருந்த குடும்பங்களின் பெயரை ஆராதனை முடிவில் வாசித்தோம். 11 பெயர்கள். அதில் ஒருவர், வெள்ளத்தில் வாழைத்தோட்டம் முழுவதையும் இழந்து, வட்டிக்கு வாங்கிப் பிள்ளைகளுக்குப் பள்ளிக் கட்டணம் கட்டியவர். அது எங்களுக்குத் தெரியும். தெரிந்தும் வாசித்தோம், பட்டியலில் இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக. அடுத்த ஞாயிறு அவர்கள் உட்காரும் பெஞ்சு காலி. அதற்கடுத்த ஞாயிறும் காலி. அதைக் கவனித்து எங்களிடம் சொன்னது கமிட்டிக்காரர் யாரும் இல்லை, மணி அடிக்கிறவர்.

நாங்கள் நாலு பேர் அவர் வீட்டுக்குப் போனோம். அவர் மனைவியான அந்தத் தங்கச்சி கருப்பட்டிக் காப்பி போட்டுக் கொடுத்தாள். அவர் உள் அறையில் இருந்தார், வெளியே வரவில்லை. திண்ணையிலிருந்தபடியே, "தம்பி, நாங்க செஞ்சது தப்பு, மன்னிச்சிடணும்" என்று சொல்லிவிட்டு வந்தோம். அடுத்த ஞாயிறு அதே பீடத்தின் முன் நின்று சபைக்கு முன்பாகவும் மன்னிப்புக் கேட்டோம். அவமானப்படுத்தியது சபைக்கு முன்னால் என்றால் மன்னிப்பும் அங்கேதான் கேட்க வேண்டும் என்று குருவானவர் சொன்னது சரியான சொல். அறுப்பின் பண்டிகைக்கு அந்தத் தங்கச்சியும் பிள்ளைகளும் வந்தார்கள். அவர் இன்னும் வரவில்லை. மாதம் ஒருமுறை யாராவது இருவர் போய்ப் பார்க்கிறோம். ஆலயப் பேச்சை நாங்கள் எடுப்பதில்லை. வாழைக்கன்று, உர விலை, பிள்ளைகளின் படிப்பு என்று பேசிவிட்டு வருகிறோம். அவரும் இப்போது திண்ணைக்கு வந்து உட்காருகிறார்.

அன்றோடு பாக்கிப் பெயர் வாசிப்பதை நிறுத்தினோம். அப்புறம் ஒரு கேள்வி வந்தது. தராதவர் பெயரை வாசிக்கக் கூடாது என்றால், தந்தவர் பெயரைக் கல்லில் வெட்டலாமா? நம் ஆலயத்தில் மின்விசிறி இறக்கையில்கூட இன்னார் நினைவாக என்று எழுதியிருக்கிறது. அவை அன்போடு கொடுத்தவை, அவற்றை நாங்கள் அழிக்கவில்லை. ஆனால் இந்தத் திருப்பணிக்குப் பெயர்ப் பலகை கிடையாது என்று சபை மன்றத்தில் தீர்மானம் போட்டோம். வெளிநாட்டில் இருக்கும் நம் சகோதரர் ஒருவர், வாசலில் தகப்பனார் பெயரில் சலவைக்கல் பதித்தால் தரை முழுவதற்கும் கிரானைட் போட்டுத் தருவதாகச் சொன்னார். தகப்பன்மேல் அவருக்குள்ள பாசம் எங்களுக்குப் புரிகிறது, அதை அவரிடமே சொன்னோம். அந்தத் தொகை வரவில்லை. பழைய தரையையே தேய்த்துக் கழுவினோம். இந்தத் தீர்மானத்தில் வருத்தம் உள்ளவர்கள் சபையில் இருக்கிறார்கள். ஆனாலும் இது சரியான தீர்மானம் என்றே குழு நம்புகிறது.

பணம் முட்டிய அதே மாதத்தில்தான் பெண்கள் ஐக்கிய சங்கத்தார் கைப்பிடி அரிசியை மறுபடி தொடங்கினார்கள். உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியைத் தனியாக எடுத்துப் போடும் அந்த வழக்கம் நம் பாட்டிமார் காலத்தில் இருந்து, நடுவில் நின்றுபோயிருந்தது. மாதக் கடைசி ஞாயிறு அதை அளந்து, வேலையாட்களின் மதியச் சாப்பாட்டுக்கு வைத்தார்கள். வேலை முடியும்வரை அரிசி என்று ஒரு ரூபாய்கூடச் செலவு எழுத வேண்டியிருக்கவில்லை.

பூசிய சுண்ணாம்புச் சுவருக்குக் காலையும் மாலையும் தண்ணீர் தெளிக்க வேண்டும். அதற்கு வீட்டு முறை போட்டோம். ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகள் வாளியும் குவளையுமாக வந்து சுவரை நனைத்ததைவிட ஒருவரையொருவர் நனைத்ததுதான் அதிகம். வெள்ளத்துக்கு அடுத்த மாதம் கணவரை இழந்த ஒரு மகள், வீட்டைவிட்டு வெளியே வராமலே இருந்தாள். நாங்கள் பலரும் போய் ஜெபித்தோம், வசனம் சொன்னோம். அவள் தலைகுனிந்து கேட்டுக்கொள்வாள், அவ்வளவுதான். எதிர்வீட்டுப் பாட்டி ஒருநாள் சாயங்காலம் அவள் வாசலில் நின்று, "எனக்கு வாளி தூக்க முடியல பிள்ள, கோயில் வரைக்கும் வாயேன்" என்று கூப்பிட்டார். அவள் வந்தாள். இருவரும் அதிகம் பேசவில்லை. பாட்டி குவளையால் மொண்டு எறிய, அவள் குழாயடிக்கும் சுவருக்குமாக வாளி சுமந்தாள். போகும்போது பாட்டி, "நாளைக்கும் எனக்கு ஆள் வேணும்" என்றார். 21 நாள் அப்படி நடந்தது. இப்போது அந்த மகள் ஓய்வுநாள் பள்ளியில் சின்னப் பிள்ளைகளுக்கு வகுப்பு எடுக்கிறாள். அந்தப் பாட்டிக்கு உண்மையிலேயே வாளி தூக்க முடியாதா என்று நாங்கள் கேட்கவில்லை.

பிரதிஷ்டை அன்று அசனத்துக்குப் பந்தியில் முதல் இலை கொத்தனாருக்குப் போட்டோம். சாப்பிட்டு எழுந்ததும் வடக்குச் சுவரிடம் போய் உள்ளங்கையை வைத்துத் தடவிப் பார்த்துவிட்டு, "இனி இது மூச்சு விடும்" என்றார்.

இந்த அறிக்கையோடு திருப்பணிக் குழு கலைகிறது. சாவிகளும் கணக்கு நோட்டுகளும் சபை மன்றத்திடம் ஒப்படைக்கப்பட்டன. கையிருப்பைப் பராமரிப்புக்கென்று தனியாக வைக்கும்படி கேட்டுக்கொண்டிருக்கிறோம். வடக்குச் சுவரில் ஆணி அடிக்க வேண்டாம், சுவரொட்டி ஒட்ட வேண்டாம், என்ன ஆனாலும் சிமெண்ட் வைத்து அடைக்க வேண்டாம். வடகிழக்குப் பருவமழைக்கு முன் கூரைத் தகரக் கால்வாயையும் சுற்றியுள்ள வாறுகாலையும் தூர்வார வேண்டியிருக்கிறது. வருகிற சனிக்கிழமை காலை 6 மணிக்கு வேலை. மண்வெட்டி உள்ளவர்கள் கொண்டு வரவும். முடிந்தால் வரும் வழியில் பக்கத்து வீட்டில் ஒருவரையும் கூப்பிட்டுக்கொண்டு வரவும்.

கிறிஸ்துவின் பணியில்,
திருப்பணிக் குழுவினர்