கதவுள்ள ஓர் அறை கேட்டு ஒரு திறந்த மடல்

மக்கள் நல்வாழ்வுத் துறைச் செயலாளர் அவர்களுக்கும், காவிரிப் படுகை மாவட்டங்களின் மனநலத் திட்ட அலுவலர்களுக்கும்,

வணக்கம்.

திங்கட்கிழமைக் குறைதீர் கூட்டத்தில் நான் கொடுத்த மனுவுக்குச் சென்ற வாரம் பதில் வந்தது. போதை மீட்புப் பிரிவில் மாத்திரைகள் தட்டுப்பாடின்றி வழங்கப்படுகின்றன என்றும், ஆலோசனை தேவைப்படுவோர் 14416 என்ற எண்ணை அழைக்கலாம் என்றும், ஆகவே மனு முடித்து வைக்கப்படுகிறது என்றும் அதில் எழுதியிருந்தது. நான் மாத்திரை கேட்கவில்லை. எங்கள் வட்ட அரசு மருத்துவமனையில், குடியை விட வருகிறவரிடம் வாரந்தோறும் உட்கார்ந்து பேச ஒரு நிரந்தர ஆலோசகரும், அவர் பேசுவதற்குக் கதவுள்ள ஓர் அறையும் கேட்டிருந்தேன். அதையே இம்முறை எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

என் தம்பி நெல் கொள்முதல் நிலையத்தில் சுமை தூக்குகிறான். 40 கிலோ மூட்டை. எத்தனை தூக்கினானோ அத்தனைக்குத்தான் கூலி. சென்ற ஆவணியில் அவனை அந்த மருத்துவமனையில் சேர்த்தோம். குடியை நிறுத்திய மூன்றாம் நாள் கை நடுக்கமும் பிதற்றலும் கண்டபோது செவிலியர்கள் விடிய விடிய அவன் கட்டிலருகே நின்று பார்த்துக்கொண்டார்கள். அந்த நன்றி எனக்கு என்றும் உண்டு. எட்டு நாளில் உடம்பு தேறியது. ஒன்பதாம் நாள், "ஆலோசனைக்கு வரவும்" என்று சீட்டில் எழுதி, ஒரு செவ்வாய்க்கிழமையைக் குறித்து அனுப்பினார்கள்.

அந்தச் செவ்வாய்க்கிழமையை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். ஆலோசகர் பணியிடம் காலி. வேறோர் ஊரிலிருந்து வாரம் ஒரு நாள் வந்துபோகிறவருக்காக, மருந்து வாங்கும் சன்னலுக்கு எதிரே, தாழ்வாரத்தில் ஒரு மேசை போட்டிருந்தார்கள். மருந்து வரிசையில் எங்கள் தெருக்காரர்கள் இருவரும், தம்பி மகள் படிக்கும் பள்ளியின் சத்துணவு அமைப்பாளரும் நின்றார்கள். "எத்தனை வருஷமாக் குடிக்கிறீங்க? ஒரு நாளைக்கு எவ்வளவு?" என்று கேட்டார் வந்தவர். தம்பி தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு, "அப்படியெல்லாம் இல்லைங்க, எப்பவாவதுதான்" என்றான். அவர் அதையே எழுதிக்கொண்டார். நான்கு நிமிடத்தில் அடுத்த பெயரைக் கூப்பிட்டார்கள். அவரைக் குறை சொல்ல மாட்டேன். அவர் கையிலிருந்த பட்டியல் அவ்வளவு நீளம்.

திரும்பி வரும் பேருந்தில், சன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே தம்பி பேசினான். 2004 டிசம்பர் 26 சுனாமிக்கு மறுநாள் எங்கள் ஊரிலிருந்து லாரியில் நாகப்பட்டினம் கடற்கரைக்குப் போன பிள்ளைகளில் அவனும் ஒருவன். அப்போது அவனுக்கு வயது பத்தொன்பது. இரண்டு நாள் உடல்களைத் தூக்கினான். அவற்றில் பல, குழந்தைகள். இப்போதும் மூட்டையைத் தோளில் ஏற்றும்போது சில நாள் அந்தக் கனம் தெரியும் என்றான். "அன்னைக்கு ராத்திரிதான்க்கா முதல்ல குடிச்சேன்." கூடப் பிறந்து, இருபது ஆண்டுக்கு மேல் ஒரே தெருவில் குடியிருக்கும் எனக்கு இது தெரியாது. அந்நாளில் முகாம்களில் இருந்தவர்களை ஆற்றுப்படுத்த ஆட்கள் வந்தார்கள். உடல்களைத் தூக்கிவிட்டு ஊர் திரும்பியவர்களிடம் யாரும் வந்து எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும், மருந்து வரிசைக்கு முன்னால் அவன் சொல்லியிருப்பானா?

பிறகு இரண்டு பேருந்து மாறி மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போனோம். அங்கே ஓர் இளம் உளவியலாளர் முதலில் கதவைச் சாத்தினார். ஒரு தாளில் கோடு கிழித்து, பூஜ்யம் முதல் பத்து வரை எழுதி, குடியை விட வேண்டும் என்ற எண்ணம் எந்த இடத்தில் இருக்கிறது என்று கேட்டார். தம்பி நாலில் விரலை வைத்தான். ஏன் எட்டில் வைக்கவில்லை என்று அவர் கேட்கவில்லை. "ஏன் ரெண்டுல வைக்காம நாலுல வச்சீங்க?" என்றார். வெகுநேரம் கழித்து, "பொண்ணு என்னைப் பார்த்தா உள்ள போயிடுதுங்க" என்றான். நாங்கள் பதினைந்து ஆண்டுகளாகக் கத்தியும் காலில் விழுந்தும் வர வைக்க முடியாத வார்த்தை அவன் வாயிலிருந்தே வந்தது.

இதை ஊக்கமூட்டும் நேர்காணல் என்பார்கள் என்றும், வில்லியம் மில்லர் என்ற உளவியலாளர் 1983-லேயே இதைப் பற்றி எழுதியிருக்கிறார் என்றும் பின்னால் தெரிந்துகொண்டேன். அடுத்த வாரம் வேறு விதமான வேலை நடந்தது. கூலி கைக்கு வரும் சனிக்கிழமை மாலை அவன் எந்த வழியில் வீட்டுக்கு நடக்கிறான், யார் கூப்பிடுகிறார்கள், அப்போது மனதில் என்ன ஓடுகிறது என்று ஒரு நோட்டில் எழுதச் சொல்லி, அந்த எண்ணத்துக்கு என்ன பதில், எந்த வழியை மாற்றலாம் என்று பேசினார்கள். இது அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை. மூன்றாம் வாரம் அவன் மனைவியையும் அழைத்து வரச் சொல்லிக் குடும்பத்தோடு பேசினார்கள். கடற்கரை நினைவுக்கென்று தனியாக ஒரு சிகிச்சை உண்டு, அது மெதுவாக நடக்க வேண்டியது, அதே ஆளிடம் தொடர்ந்து வர வேண்டும் என்றார்கள்.

தொடர முடியவில்லை. குறுவை அறுவடை தொடங்கிவிட்டது. ஒரு நாள் ஆலோசனைக்குப் போனால் ஒரு நாள் கூலி போகும். பேருந்துச் செலவு வேறு. நான்காம் வாரம் போகவில்லை, ஐந்தாம் வாரமும் போகவில்லை. தீபாவளிக்கு முந்தைய இரவு மறுபடியும் குடித்துவிட்டு வந்தான்.

14416 நல்ல எண்தான், நள்ளிரவில் கைகொடுக்கும். ஆனால் ஓர் அறையில் ஐந்து பேர் படுக்கும் வீட்டில், மகள் கேட்டுக்கொண்டிருக்க, அவன் அந்தக் கடற்கரையைப் பற்றிப் போனில் எப்படிப் பேசுவான்?

2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் மது, போதையால் வரும் மனநிலைக் கோளாறுகளையும் மனநோய் என்ற வரையறைக்குள் கொண்டுவந்திருக்கிறது. அதன் 18-ஆம் பிரிவு, சிகிச்சைக்காக ஒருவரை நெடுந்தொலைவு அலைய விடக் கூடாது என்கிறது. படித்த உளவியலாளர்கள் போதவில்லை என்பீர்கள். கோவாவின் ஆரம்ப சுகாதார நிலையங்களில், மனநலப் படிப்பு எதுவும் இல்லாத உள்ளூர்க்காரர்களுக்கே பயிற்சி கொடுத்து, தீங்கு தரும் அளவுக்குக் குடித்துவந்த ஆண்களிடம் அதிகம் போனால் நான்கு அமர்வுகள் பேச வைத்தார்கள். மூன்று மாதம் கழித்து விசாரித்தபோது, முந்தைய இரு வாரம் குடியைத் தொடாதவர்கள் அவர்களில் 42 சதவீதம். அந்த அமர்வுகள் கிடைக்காதவர்களில் 18 சதவீதம். 2017-இல் லான்செட் இதழில் வந்த ஆய்வு இது. என் தம்பியைப் போல் முற்றியவர்களுக்குக் கூடுதல் பயிற்சி பெற்றவர்கள் வேண்டும்தான். ஆனால் முற்றாத எத்தனையோ பிள்ளைகள் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள்.

2023-24-ஆம் ஆண்டில் மது விற்பனையால் அரசுக்கு வந்த வருவாய் 45,855 கோடி ரூபாய். அதில் என் தம்பியின் மூட்டைக் கூலியும் இருக்கிறது. கடை அவன் நடந்து போகும் தூரத்தில் வந்து உட்கார்ந்திருக்கிறது. குடியிலிருந்து மீட்கும் பேச்சுக்கு மட்டும் அவன் இரண்டு பேருந்து மாற வேண்டுமா? கோபத்தில் எழுதுகிறேன், பொறுத்தருளுங்கள். கடைகளைப் பற்றிய வழக்கை இந்த மடலில் நடத்தப் போவதில்லை.

நான் கேட்பது ஒன்றுதான். படுகை மாவட்டங்களின் ஒவ்வொரு வட்ட அரசு மருத்துவமனையிலும் காலியாக உள்ள ஆலோசகர் பணியிடத்தை நிரப்புங்கள். கதவுள்ள ஓர் அறையை அவருக்கு ஒதுக்குங்கள். வாரத்தில் இரண்டு நாளாவது, கூலி வேலை முடிந்து வருகிறவர்களுக்காக மாலை ஏழு மணிவரை அந்த அறை திறந்திருக்கட்டும். எங்கள் மருத்துவமனையில் பழைய பதிவேடுகள் அடுக்கிய அறை ஒன்று மேல்தளத்தில் பூட்டிக் கிடக்கிறது. அதன் கதவு நன்றாகவே சாத்துகிறது.

தை பிறந்தால் சம்பா அறுவடையும் கொள்முதலும் தொடங்கிவிடும். பிறகு தம்பியைப் பிடிக்க முடியாது. அந்த நோட்டை எடுத்து வைத்திருக்கிறான். தீபாவளி இரவையும் அதில் எழுதியிருக்கிறான். எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு அவனை அழைத்து வரலாம் என்று மார்கழிக்குள் தெரிவிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வெண்ணாற்றங்கரைக் கிராமம் ஒன்றிலிருந்து ஓர் அக்கா