லே – அகத்தி பயண நேரம்: புகார் கடிதம்

பெறுநர்:
வாடிக்கையாளர் குறைதீர்ப்பு அலுவலர்,
விமான டிக்கெட் முன்பதிவு நிறுவனம்.

பொருள்: பயண நேரத்தைத் தவறாகக் காட்டியதும், தவறிய விமானத்துக்குப் பணம் தர மறுத்ததும்.

ஐயா / அம்மையீர்,

நான் லடாக்கில் உள்ள லேயில் வேலை பார்க்கிறேன். லட்சத்தீவின் அகத்தியில் ஆசிரியராக இருக்கும் தங்கையைப் பார்க்க, அம்மாவையும் கூட்டிக்கொண்டு போக உங்கள் செயலியில் டிக்கெட் எடுத்தேன். இரண்டு ஊர்ப் பெயரையும் போட்டதும் தூரம் 2,650 கிலோமீட்டர், பறக்கும் நேரம் 3 மணி 50 நிமிடம் என்று வந்தது. வரைபடத்தில் நேராக ஒரு நீலக் கோடு, அதன் மேல் குட்டி விமானம். கீழே 'ஒரே நாளில் போய்ச் சேரலாம்' என்று பொத்தான்.

தூரம் சரிதான். ஆனால் அந்தக் கோட்டில் எந்த விமானமும் போவதில்லை. அகத்தியின் ஓடுபாதை சுமார் 1,200 மீட்டர்தான். அங்கே இறங்குவது ஏடிஆர் 72 போன்ற சின்ன விமானங்கள். ஆள் நிரம்பினால் அவை ஒரே மூச்சில் 1,500 கிலோமீட்டர் அளவுக்குத்தான் பறக்கும். இந்தப் பக்கம் லே விமான நிலையம் 3,256 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காற்று ஏற்கெனவே அடர்த்தி குறைவு, வெயில் ஏறினால் இன்னும் குறையும்; விமானம் மேலெழும்பக் கஷ்டம். மதியத்துக்கு மேல் பள்ளத்தாக்கில் காற்றும் பலமாக அடிக்கும். அதனால்தான் இங்கே விமானங்கள் பெரும்பாலும் காலையிலேயே வந்து போய்விடுகின்றன.

உண்மையான வழி லே, டெல்லி, கொச்சி, அகத்தி. கூட்டினால் 3,100 கிலோமீட்டருக்கு மேல். பறக்கும் நேரம் மட்டுமே கிட்டத்தட்ட ஆறு மணி. இதைக் கோர்த்துக் கொடுத்ததும் உங்கள் செயலிதான். கொச்சியில் விட்ட இடைவெளி ஒரு மணி நேரம்கூட இல்லை. மேகம் இறங்கினால் லே விமானம் தாமதமாகும் என்பது இங்கே டாக்சி ஓட்டுபவருக்கும் தெரியும். அன்றும் அப்படித்தான் ஆனது. டெல்லியில் அந்த விமான நிறுவனமே எங்களை அடுத்த விமானத்தில் ஏற்றிவிட்டது. ஆனால் கொச்சியில் இறங்கியபோது அகத்தி விமானம் போய்விட்டிருந்தது. மறுநாள் விமானத்தில் இடமில்லை. அம்மா கால் வீங்கி, தங்கைக்கென்று வாங்கிய உலர்ந்த ஆப்ரிகாட் பையை மடியில் வைத்துக்கொண்டு நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தார். லட்சத்தீவு அனுமதிச் சீட்டில் குறித்த நாட்களும் வீணாயின. அப்படியொரு சீட்டு தேவை என்று உங்கள் செயலியில் ஒரு வரிகூட இல்லை. தங்கை சொல்லித்தான் வாங்கினோம்.

உங்கள் உதவி மையத்தில் கேட்டால், "தனித்தனி டிக்கெட், எங்களுக்குப் பொறுப்பில்லை" என்றார்கள். பணத்தை மொத்தமாக வாங்கி, ஒரே ரசீது கொடுத்தது யார்?

கொச்சி–அகத்தி டிக்கெட் பணமும், கொச்சியில் தங்கிய விடுதிச் செலவும் எனக்குத் திரும்ப வர வேண்டும். அப்புறம், நேரடி விமானம் இல்லாத ஊர்களுக்கு அந்தப் பறக்கும் நேரத்தை எடுத்துவிட்டு, மாறும் இடங்களையும் மொத்த நேரத்தையும் போடுங்கள். 15 நாளில் பதில் வராவிட்டால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதிவு செய்துவிட்டு, 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி ஆணையத்துக்குப் போவேன். ரசீதின் நகலும், செயலித் திரையின் படமும் இணைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்,
லே.