அண்ணாச்சி, அந்தத் தீயை எடுத்துவிடுகிறேன்

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

அம்மாவுக்கு வருஷம் திரும்பிவிட்டது. போன வியாழக்கிழமை திதி கொடுத்தோம். மூட்டு வலியோடு நீங்கள் அவ்வளவு தூரம் பஸ்ஸில் வர முடியாது என்று கடைத் தம்பி சொன்னான், அதில் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. ஆனால் பந்தியில் நடந்ததை அவன் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டான். எங்கள் பக்கத்து ஊர் வாத்தியார் ஒருவர், நல்ல வாசகர், பக்கத்து இலைக்காரரிடம் "இந்த அம்மாதான் தீ விபத்துல தங்கச்சியப் பறிகொடுத்தவங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான் பாயச வாளியோடு நின்றேன். அம்மாவுக்குத் தங்கச்சியே கிடையாது. உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அந்தப் பந்தியில் அது தெரிந்த ஆள் நான் ஒருத்திதான்.

அன்று ராத்திரியே முடிவு செய்துவிட்டேன். தீப்பெட்டித் தொழிற்சாலையில், எங்கள் பக்கத்துப் பேச்சில் தீப்பெட்டி ஆபீஸில், வேலை பார்த்த அம்மாவைப் பற்றி நான் எழுதி நீங்கள் போட்ட நாவலின் அடுத்த பதிப்பு 608 பக்கத்தில் வராது. நான் முதலில் உங்களிடம் கொண்டுவந்த 176 பக்கம்தான் வரும். அதை நானே போடுகிறேன். இதைத் தனியாகக் கடிதம் எழுதி அனுப்பியிருக்கலாம். அனுப்பினால் நீங்கள் போன் போடுவீர்கள், "யம்மா, ஒரு நிமிஷம் கேளு" என்பீர்கள், நான் கேட்டுவிடுவேன். ஒன்பது வருஷமாகக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். அதனால்தான் எல்லோரும் படிக்கிற இடத்தில் எழுதுகிறேன். எழுதிவிட்டால் பின்வாங்க முடியாது இல்லையா. உங்கள் பெயரையும் பதிப்பகத்தின் பெயரையும் போடவில்லை. தெரிந்தவர்களுக்குத் தெரியும், அவர்களும் பின்னூட்டத்தில் போட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

எனக்கு அந்த மொட்டைமாடி சாயங்காலம்தான் திரும்பத் திரும்ப வருகிறது. 2016 ஜனவரி, பொங்கல் கழிந்த வாரம். மற்ற வருஷமாக இருந்தால் அந்நேரம் நந்தனம் ஒய்எம்சிஏ மைதானத்தில் ஸ்டாலில் நின்றிருப்பீர்கள். அந்த வருஷம் புத்தகக் கண்காட்சியே ஜூன் மாதம் தீவுத்திடலுக்குத் தள்ளிப்போனது. அதற்கு முந்தின டிசம்பர் வெள்ளத்தில் அடையாறு ஜாபர்கான்பேட்டைக்குள் வந்தபோது உங்கள் குடோனில் கீழிருந்து நாலு அடுக்குக் கட்டும் தண்ணீருக்குள் போயிருந்தது. பிழைக்கும் என்று தோன்றியதை எல்லாம் மாடிக்குத் தூக்கிவந்து வத்தல் காயப்போடுகிற மாதிரி பரப்பி வைத்திருந்தீர்கள். நேச்சுரல் ஷேட் தாள் ஊறி உப்பி, நூறு பக்கப் புத்தகம் முந்நூறு பக்கம் மாதிரி வாயைப் பிளந்துகிடந்தது. மதினி குனிந்து குனிந்து ஒவ்வொன்றாகத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தார். ஒரு கவிதைத் தொகுப்பைப் பிரிக்க முயன்று, அட்டை கையோடு வந்ததும், அதை என்ன செய்வதென்று தெரியாமல் கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தார். ஒருத்தரும் அழவில்லை. அந்த வாடை மட்டும் இன்றைக்கும் மூக்கில் நிற்கிறது, பசையும் சேறும் கலந்த வாடை.

அந்த நேரத்தில் போய் உங்கள் கையில் என் பிரதியைக் கொடுத்தேன். பத்து நாளைக்கு முன்பே தபாலில் அனுப்பியதைப் படித்துவிட்டீர்கள் என்று தெரியாமல் இன்னொரு பிரதியும் எடுத்து வந்திருந்தேன். அதை வாங்கி, காய்கறிக் கடைக்காரர் எடை பார்க்கிற மாதிரி உள்ளங்கையில் வைத்து ஏற்றி இறக்கினீர்கள்.

"நல்லா இருக்கும்மா. ரொம்ப நல்லா இருக்கு. ஆனா காத்துல பறந்துருமே."

நிஜமாகவே காற்றும் அடித்தது. ஈரக் கட்டு ஒன்றைத் தூக்கி அதன்மேல் வைத்தீர்கள்.

அப்புறம் கணக்கு சொன்னீர்கள். 16 பக்கம் ஒரு ஃபாரம். என்னுடையது 11 ஃபாரம். அரசு நூலகங்களுக்குப் புத்தகம் வாங்கும் நூலக ஆணை வந்தால் அரசாங்கம் ஃபாரத்துக்கு இவ்வளவு என்றுதான் விலை போடும், உள்ளே இருப்பது அம்மாவின் உயிரா அடுப்படிக் குறிப்பா என்று பார்த்து விலை வைக்காது. அந்த ஆணையும் எந்த வருஷம் வரும், எந்த வருஷம் வராது என்று யாருக்கும் தெரியாது. கடையில் ஒல்லிப் புத்தகத்தை எடுத்துப் பார்க்கிறவர் அங்கேயே நின்று பாதியைப் படித்துவிட்டு வைத்துவிடுகிறார். கெட்டி அட்டை போட்ட குண்டு நாவல் என்றால் முன்வெளியீட்டுத் திட்டத்தில் பணம் முன்னாலேயே வந்துவிடும், அச்சகத்துக்கும் தாள்காரருக்கும் அதை வைத்தே கொடுத்துவிடலாம். இதையெல்லாம் நீங்கள் பேராசையில் சொல்லவில்லை. உங்கள் பின்னால் அத்தனை புத்தகமும் செத்துக் கிடந்தது. அதைப் பார்த்துக்கொண்டு உங்களிடம் என்ன வாதம் செய்வேன்?

கடைசியில் அந்தக் கேள்வி.

"உள்ள ஒண்ணுமே நடக்கலையேம்மா. இருபத்திரண்டு வருஷம் தீப்பெட்டி ஆபீஸ், ஒரு தடவ கூடவா தீப்பிடிக்கல?"

"எங்க ஆபீஸ்ல இல்ல அண்ணாச்சி."

"அடுத்த ஆபீஸ்ல?"

நான் பதில் சொல்லவில்லை. அடுத்த ஆபீஸ்களில் பிடித்திருக்கிறது, பிள்ளைகள் செத்திருக்கிறார்கள், எங்கள் கரிசல் காட்டில் அது யாருக்குத் தெரியாது? அந்த மௌனத்தைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டீர்கள். சம்மதம்தான். இந்த இடத்தில் உங்கள்மேல் பழி போட எனக்கு யோக்கியதை இல்லை.

ஆனாலும் சொல்கிறேன், ஒன்றுமே நடக்காததுதான் கதை அண்ணாச்சி. விடியக்காலை நாலு மணிக்கு ஆபீஸ் வண்டி வந்து ஆரன் அடிக்கும், அம்மா எழுந்து போவாள், மரச்சட்டத்தின் பள்ளம் ஒவ்வொன்றிலும் ஒரு தீக்குச்சி என்று அடுக்குவாள், இருட்டில் திரும்பி வருவாள். வேலையை விட்டு நின்ற பிறகும் மொச்சை உரித்தால் பருப்பை வரிசையாக வைப்பாள். தூக்கத்தில் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் ஒன்றோடொன்று உரசிக்கொண்டே இருக்கும். அந்த விரல்கள்தான் என் 176ஆம் பக்கம். நீங்கள் போட்ட புத்தகத்தில் அது 590ஆம் பக்கத்துக்கு மேல் எங்கோ கிடக்கிறது. இத்தனை வருஷத்தில் அந்தப் பக்கத்தைப் பற்றி என்னிடம் பேசியவர்கள் மூன்று பேர். தீயைப் பற்றிப் பேசாதவர்கள்தான் இல்லை.

எட்டு மாதம் எழுதினேன். 1922இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழில் படித்து வந்ததில் ஆரம்பித்து ஒரு வரலாற்றுப் பாகம் வேண்டும் என்றீர்கள், 120 பக்கம் எழுதிக் கொடுத்தேன். அது உண்மையான வரலாறுதான், நல்ல வரலாறுதான். என் அம்மா அதைத் தன் வாழ்நாளில் ஒருநாளும் நினைத்ததில்லை, அவ்வளவுதான். பேச்சில் வட்டார வழக்கு போதாது, இன்னும் கொஞ்சம் போடு என்றீர்கள். அம்மா சொல்லாத சொல்லை எல்லாம் அம்மா வாயில் வைத்தேன். இன்றைக்கு ஒரு பல்கலைக்கழகத்துப் பிள்ளை அந்தச் சொற்களைப் பட்டியல் போட்டு ஆய்வு செய்கிறாள். அவளுக்கு என்ன பதில் எழுதுவது என்று தெரியாமல் அவளுடைய இரண்டு மின்னஞ்சல்கள் அப்படியே கிடக்கின்றன.

ஊர்ப் பெயரை எடுத்ததை மட்டும் நான் தப்புச் சொல்ல மாட்டேன். பெருமாள்முருகன் தன்னுள் இருந்த எழுத்தாளன் இறந்துவிட்டதாக முகநூலில் எழுதி அப்போது ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. 2010இல் வந்த அவருடைய 'மாதொருபாகன்' நாவலுக்கு நாலு வருஷம் கழித்து எதிர்ப்பு கிளம்பும் என்று யார் கண்டார்கள்? அவருக்குச் சாதகமான உயர்நீதிமன்றத் தீர்ப்பு 2016 ஜூலையில்தான் வந்தது. அதற்கு முன்பே நாம் ஊர்ப் பெயரையும் முதலாளியின் சமூகத்தையும் பிரதியிலிருந்து அடித்துவிட்டோம். எந்த ஊர், எந்தச் சமூகம் என்று இங்கேயும் எழுதப் போவதில்லை. என் தம்பி இன்னும் அந்த ஊரில்தான் கடை வைத்திருக்கிறான். நீங்கள் அன்று பயந்தது எனக்காகவும்தான் என்று தெரியும்.

தீ அத்தியாயத்துக்கு வருகிறேன். மூன்று ராத்திரியில் எழுதினேன். யாரும் பக்கத்தில் நின்று கையைப் பிடித்து எழுத வைக்கவில்லை. எழுதும்போது சுகமாக இருந்தது அண்ணாச்சி, அதைச் சொல்லத்தான் எனக்கு இவ்வளவு நாள் ஆயிற்று. இல்லாத சித்தியை உண்டாக்கி, அவளுக்குப் பச்சைப் பாவாடை கட்டி, மருந்து முக்குகிற இடத்துக்கு அனுப்பி, கொளுத்தினேன். என் எழுத்திலேயே நல்ல உரைநடை அதுதான் என்று சொல்கிறார்கள். எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது, அதனால்தான் இன்னும் வலிக்கிறது.

விற்றது. 2017 ஜனவரியில் பச்சையப்பன் கல்லூரிக்கு எதிரே அந்தப் பள்ளி மைதானத்தில், பழைய நோட்டு செல்லாது என்று சொல்லி இரண்டு மாதம்கூட முழுதாக ஆகாத நேரம், எல்லோரும் 2000 ரூபாய்த் தாளை நீட்ட, சில்லறை கொடுக்க முடியாமல் பக்கத்து ஸ்டால்காரர்கள் கைபிசைந்து நிற்க, நம் மேஜையில் மட்டும் முன்னாலேயே பணம் கட்டியவர்கள் ரசீதோடு வந்து புத்தகத்தை வாங்கிக்கொண்டு போனார்கள். நீங்கள் எனக்கு டீ வாங்கிக் கொடுத்துவிட்டு அந்தப் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்தீர்கள். நான் பார்த்தேன். அம்மாவுக்கு டயாலிசிஸ் ஆரம்பித்தபோது, கேட்காமலேயே பணம் அனுப்பினீர்கள், கணக்கில் எழுதவும் இல்லை. அந்தத் தீ இல்லாமல் அந்தப் பணம் இல்லை. இதை நான் எந்தத் தட்டில் வைப்பேன்?

ஆனால் மற்ற கணக்கும் எழுதவில்லையே அண்ணாச்சி. பத்து சதவீதம் என்று பேசினோம். ஒரு வருஷமாவது எத்தனை அடித்தீர்கள், எத்தனை விற்றது என்று ஒரு துண்டுத்தாளில் எழுதித் தந்திருக்கிறீர்களா? பொங்கலுக்கு முந்தின நாள் ஒரு கவர் வரும், உள்ளே இருப்பதுதான் ராயல்டி. ஐந்தாம் பதிப்பு என்று உள்பக்கத்தில் போட்டிருக்கிறது. இப்போதெல்லாம் ஐம்பது நூறு என்று தேவைக்கு அச்சடிக்கிறார்களே, அந்தப் பதிப்பா, முன்பு ஆயிரத்து இருநூறு அடித்த காலத்துப் பதிப்பா? கேட்டால் மனஸ்தாபம் வரும் என்று கேட்கவில்லை. என் சிறுகதைகளை ஆறு வருஷம் மேஜை இழுப்பறையில் வைத்திருந்தீர்கள். "சிறுகதை நகராதும்மா, அடுத்தது பட்டாசு எழுது" என்றீர்கள். பட்டாசு ஆலையில் எனக்கு யாரையும் தெரியாது என்றேன். "தீப்பெட்டில மட்டும் அந்தப் பிள்ளைய தெரியுமா?" என்று கேட்டீர்கள். அன்று நான் போனை வைத்துவிட்டேன். நீங்கள் அதை மறந்திருக்கலாம்.

மதுரைக் கூட்டத்தில் நான் செய்ததற்கு மன்னிப்புக் கேட்க வேண்டும். ஒருவர் எழுந்து தீ விபத்தைப் பற்றிக் கேட்டார். "அது பதிப்பாளர் கேட்டு எழுதியது" என்று மைக்கில் சொன்னேன். கூட்டம் சிரித்தது. நீங்கள் இரண்டாவது வரிசையில் மடியில் பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தீர்கள். அன்று எல்லோருக்கும் முன்னால் உங்களைத் தனியாக விட்டுவிட்டேன். எழுதியது நான்தான் என்று அப்போதே சொல்லியிருக்க வேண்டும்.

இதுவரை உங்களிடம் சொல்லாத ஒன்று இருக்கிறது. புத்தகம் வந்து இரண்டாம் வருஷம் நாலைந்து கல்லூரிப் பிள்ளைகள் அம்மாவைப் பார்க்க வந்தார்கள். நான் அடுப்படியில் இருந்தேன். "பாட்டி, உங்க தங்கச்சி தீயில போன அன்னைக்கு நீங்க எங்க இருந்தீங்க?" என்று ஒரு பையன் கேட்டான். அம்மாவுக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும், புத்தகத்தை அவள் படித்ததில்லை. நான் வெளியே வருவதற்குள் அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். பார்த்துவிட்டு அந்தப் பையனிடம், "பக்கத்துலதாம்ப்பா இருந்தேன்" என்றாள். அவர்கள் போன பிறகு அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. சாகிற வரைக்கும் கேட்கவில்லை. அதற்குப் பிறகு வந்தவர்கள் எல்லோரிடமும் அதையே சொன்னாள்.

சரி. இனி வேலை விஷயம். பழைய 176 பக்கம் என்னிடம் இல்லை. கணினி போனபோது கோப்பும் போய்விட்டது. தபாலில் வந்தது உங்கள் மேஜையில் கிடந்து தொலைந்துவிட்டது என்று அப்போதே சொன்னீர்கள். மாடியில் கட்டு வைத்தீர்களே, அந்தப் பிரதியை பீரோவின் மேல்தட்டில் மதினி எடுத்து வைத்தது எனக்கு ஞாபகம் இருக்கிறது. முதல் பக்கத்தில் ஈரக் கட்டின் தடம் சதுரமாக இருக்கும், சணல் கயிற்றின் சாயமும் கொஞ்சம் ஏறியிருக்கும். கடைத் தம்பியிடம் கொடுத்துவிட வேண்டாம், நானே வருகிறேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை காலையில் இருப்பீர்களா?

இப்படிக்கு,
உங்கள் தங்கச்சி